வறுமைக் கோடு: கூடையில் எதை வைக்காமல் விட்டார்கள்?

2011 செப்டம்பரில் மத்தியத் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். அதற்கு மேல் செலவு செய்கிறவர் ஏழை இல்லை. சாப்பாடு, படிப்பு, வைத்தியம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். நாடு கொதித்தது. நீங்கள் இந்தப் பணத்தில் வாழ்ந்து காட்டுங்கள் பார்ப்போம் என்று திட்டக் குழுவுக்குச் சவால் விட்டார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப் போனது: 32 ரூபாய் குறைவு என்றால் எவ்வளவு சரி? 50? 100? அதை யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது?

இது லேசான கேள்வி இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 2004-05ஆம் ஆண்டை ஒட்டிய இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வறுமையை அளக்கத் திட்டக் குழு அமைத்த லக்டவாலா குழுவின் பழைய முறைப்படி ஏழைகள் 27.5 சதவீதம். டெண்டுல்கர் குழு 2009இல் முறையை மாற்றியதும் அதே ஆண்டின் ஏழைகள் 37.2 சதவீதம் ஆனார்கள். அமைப்புசாராத் தொழில்களுக்கான ஆணையம், அர்ஜுன் சென்குப்தா தலைமையில், நாளொன்றுக்கு 20 ரூபாய்க்கும் குறைவாகச் செலவு செய்து காலம் தள்ளுகிறவர்கள் 77 சதவீதம் என்றது. அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான பல்பரிமாண வறுமைக் குறியீடு, அதாவது வருமானத்தை விட்டுவிட்டுப் படிப்பு, உடல்நலம், வீட்டு வசதி என்று பல இல்லாமைகளைச் சேர்த்துப் பார்க்கும் அளவுகோல், 2005-06 விவரங்களை வைத்து, சுமார் 55 சதவீதம் என்றது. கால்வாசியா, முக்கால்வாசியா? யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டல் கழித்தலிலும் தவறு இல்லை. வறுமை என்று எதைச் சொல்வது என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் நிற்கிறார்கள்.

சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் நூற்று முப்பது வருஷமாக இதில் மல்லுக்கட்டுகிறார்கள். என் கட்சி இதுதான்: கோடு எந்த ரூபாயில் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, வாழத் தேவையான சாமான்கள் என்று மனதில் ஒரு கூடை நிரப்பித்தானே கோடு போடுகிறார்கள், அந்தக் கோட்டைப் போட்டவர் எதையெல்லாம் ‘இது ஏழைக்கு வேண்டியதில்லை’ என்று கூடையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார் என்று பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் இங்கிலாந்தின் யார்க் நகரம். 1880களின் கடைசியில் சார்லஸ் பூத் லண்டனைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, தெருவுக்கு ஒரு வண்ணம் பூசி வரைபடம் போட்டு, நகரத்தில் 30 சதவீதம் பேருக்கு மேல் வறுமையில் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அதைப் பார்த்து, லண்டன் பெருநகரம், அங்கே அப்படித்தான் இருக்கும், நம் ஊர் எப்படி என்று கிளம்பியவர் சீபோம் ரவுண்ட்ரீ. யார்க்கில் கோக்கோவும் சாக்லேட்டும் செய்த பெரிய தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. 1899இல் 11,560 குடும்பங்களை, அதாவது 46,754 பேரைப் பற்றி விவரம் திரட்டினார். 1901இல் புத்தகமாக வந்தது.

அவர் செய்தது இதுதான். உடம்பு வேலை செய்யும் நிலையில் இருக்க எவ்வளவு சத்து வேண்டும் என்று அப்போது புதிதாக வந்திருந்த சத்துணவு ஆராய்ச்சியைப் பார்த்தார். அந்தச் சத்தை மிக மலிவாக எப்படிக் கொடுக்கலாம் என்பதற்கு, அனாதரவானவர்களை அடைத்துவைத்து வேலை வாங்கிய அரசு விடுதிகளின் உணவுப் பட்டியலைப் பார்த்தார். அதைவிடவும் சிக்கனமாக, பச்சை இறைச்சியே இல்லாமல் ஒரு பட்டியல் போட்டார். வாடகை, துணி, விளக்கு, விறகுச் செலவைக் கூட்டினார். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று வந்தது. அதுகூட இல்லாதவர்கள் முதல்நிலை வறுமையில் இருப்பவர்கள். யார்க் மக்களில் 9.91 சதவீதம். வருமானம் அந்த அளவுக்கு இருக்கிறது, ஆனால் வேறு ஏதோ செலவு இழுத்துக்கொண்டு போவதால் வீடு பரிதாபமாகக் கிடக்கிறது என்பவர்கள் இரண்டாம் நிலை வறுமை; 17.93 சதவீதம். இந்த இரண்டாவது கூட்டத்தைக் கணக்கே போடாமல், வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் இல்லாமையை வைத்து எண்ணினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 21 ஷில்லிங்கில் எப்படி வாழ்வது? ரவுண்ட்ரீ தானே அதை விவரிக்கிறார், அந்தப் பக்கத்தைப் படித்தால் வயிறு கலங்கும். இந்தக் குடும்பம் ரயிலுக்கோ குதிரை வண்டிக்கோ ஒரு காசும் செலவழிக்கக் கூடாது. நகரத்துக்கு வெளியே போக வேண்டுமென்றால் நடந்துதான் போகணும். அரைப் பென்ஸ் பத்திரிகை கூடாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதக் கூடாது, தபால் தலைக்குக் காசு ஏது? கோயிலுக்குக் காணிக்கை போடக் கூடாது. குழந்தைகளுக்கு பொம்மை, கோலிக்குண்டு, மிட்டாய் எதுவும் கிடையாது. அப்பா புகைக்கக் கூடாது, குடிக்கக் கூடாது. அம்மா தனக்கென்று அழகாக ஒரு துணி எடுக்கக் கூடாது. சம்பாதிக்கிறவர் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

கொடூரமான ஆள் என்று தோன்றுகிறதா? எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் யாரிடம் வாதாடுகிறார் என்று பார்க்க வேண்டும். அன்றைய பிரிட்டனில் படித்தவர்களின் பொதுப்புத்தி, ஏழை குடித்துச் சீரழிந்ததால்தான் ஏழை என்பது. அவர்களிடம், சரி ஐயா, குடியையும் புகையையும் பத்திரிகையையும் தபால் தலையையும்கூடப் பிடுங்கிவிடுகிறேன், துறவி மாதிரி வாழச் சொல்கிறேன், அப்படியும் பத்தில் ஒருத்தருக்குக் கூலி போதவில்லை, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கத்தான் அந்தக் கஞ்சத்தனமான கோடு. ஜான் வீட்-வில்சன் என்ற ஆய்வாளர் 1986இல் இதை நன்றாக எடுத்துக் காட்டினார்: முதல்நிலை வறுமை என்பது ரவுண்ட்ரீக்கு வாதத்துக்கான கருவி, மனிதன் வாழத் தேவையான அளவு இதுதான் என்ற சிபாரிசு அல்ல. 1936இல் அதே யார்க்கில் திரும்பக் கணக்கெடுத்தபோது வானொலி, செய்தித்தாள், கொஞ்சம் பீர், புகையிலை, பரிசுப் பொருள் எல்லாவற்றையும் அவரே கூடைக்குள் வைத்தார்.

ஆனால் அரசாங்கங்களுக்குப் பிடித்துப் போனது 1901இன் கஞ்சக் கோடுதான். வாதத்துக்கு வைத்த கோல், அளவு கோலாகிவிட்டது.

நம் ஊர்க் கதையும் இதே மாதிரிதான் தொடங்குகிறது, ரவுண்ட்ரீக்கும் முன்னாலேயே. தாதாபாய் நௌரோஜி 1870களில், ஓர் இந்தியனுக்கு உயிரோடு இருக்க ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டார். கப்பலேற்றிக் கடல் கடந்து கூலி வேலைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அரசு நிர்ணயித்திருந்த உணவு அளவையும், சிறைக் கைதிகளுக்கு ஆகும் செலவையும் எடுத்துக்கொண்டார். 1867-68 விலையில் இடத்துக்கு இடம் 16 முதல் 35 ரூபாய் வரை வந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியைத் தலைக்கு வகுத்தால் 20 ரூபாய். உங்கள் ஆட்சியில் குற்றவாளிக்குக் கிடைப்பது குடிமகனுக்குக் கிடைக்கவில்லை என்று ஆங்கிலேயரின் ஆவணத்தை வைத்தே ஆங்கிலேயரை மடக்கினார். அங்கே அரசு விடுதியின் சோறு, இங்கே சிறைச்சோறு. வறுமைக் கோட்டின் பிறப்பிடம் இரண்டு இடத்திலும் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1962இல் ஒரு பணிக்குழு, தலைக்கு மாதம் 20 ரூபாய் குறைந்தபட்சம் என்றது, 1960-61 விலையில். இதில் ஒரு சின்ன நிபந்தனை இருந்தது. மருத்துவமும் கல்வியும் இந்த 20 ரூபாயில் சேராது, அவற்றை அரசு கொடுக்கும். அழகான எண்ணம்! 1971இல் தண்டேகர், ரத் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2,250 கலோரி என்று உணவைப் பிடித்துக்கொண்டார்கள். 1979இல் இன்னொரு குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வகுத்து, அந்த அளவு சாப்பிடுகிறவர்கள் 1973-74இல் மொத்தமாக எவ்வளவு செலவு செய்தார்கள் என்று பார்த்து, கிராமத்தில் மாதம் 49.09 ரூபாய், நகரத்தில் 56.64 ரூபாய் என்று கோடு போட்டது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு அதே கூடையைத்தான் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே வந்தார்கள்.

இதற்கிடையில் ஊரில் என்ன நடந்தது? இங்கிலீஷ் மீடியம் வந்தது, வேன் ஃபீஸ் வந்தது. தனியார் ஆஸ்பத்திரி வந்தது. ஸ்கேன் எடுக்கவும் மருந்து வாங்கவும் கைக்காசு போனது. முன்பு வரப்பில் பறித்த கீரையும் காட்டில் பொறுக்கிய விறகும் காசு கொடுத்து வாங்கும் சரக்காயின. வேலைக்குப் போகவே தினமும் பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அரசு கொடுக்கும் என்று 1962இல் கூடையிலிருந்து வெளியே எடுத்து வைத்த சாமான்களை எல்லாம் குடும்பம் தன் தலையில் தூக்கிக்கொண்டிருந்தது, ஆனால் கோடு மட்டும் இன்னும் அரசு கொடுத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. டெண்டுல்கர் குழு படிப்பு, வைத்தியத்துக்கான கைச்செலவைக் கோட்டுக்குள் கொண்டுவந்து இதைக் கொஞ்சம் சரிசெய்தது. கூடவே கலோரிக் கணக்கைக் கைவிட்டது. உச்ச நீதிமன்றத்துக்குப் போன 32 ரூபாய் இந்தச் ‘சீர்திருத்தப்பட்ட’ கோட்டின் வாரிசு என்பதுதான் வேடிக்கை. 2014இல் ரங்கராஜன் குழு மாதம் கிராமத்தில் 972, நகரத்தில் 1,407 ரூபாய் என்று ஏற்றியது, 2011-12க்கு 29.5 சதவீதம் ஏழைகள் என்றது. டெண்டுல்கர் முறையில் அதே ஆண்டுக்கு 21.9. ரங்கராஜன் அறிக்கை அலமாரிக்குப் போனது. அதற்குப் பிறகு இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாகப் புதுக்கோடு எதுவும் இல்லை.

அமெரிக்கா பெரிய நாடு, அங்கே எல்லாம் விஞ்ஞானபூர்வமாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1960களில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஓர்ஷான்ஸ்கி, வேளாண்மைத் துறையின் ஆக மலிவான உணவுத் திட்டத்தை எடுத்து மூன்றால் பெருக்கினார். ஏன் மூன்று? 1955 கணக்கெடுப்பில் குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிட்டதாகத் தெரிந்ததால். அந்த உணவுத் திட்டமே கையில் காசு தட்டுப்பாடான நேரத்தில் தற்காலிகமாகச் சமாளிக்க என்று போட்டது. 1969இல் அது அதிகாரபூர்வக் கோடாகி, இன்று வரைக்கும் விலைவாசியை மட்டும் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை பார்த்தது எல்லாம் ஒரே குடும்பம். உடம்புக்கு வேண்டியது என்ன என்று கேட்கிற குடும்பம். இனி வருகிறவர்கள் கேட்பது வேறு: மனிதன் வெறும் உடம்பா?

இதை முதலில் கேட்டவர்களில் ஒருவர், சந்தைப் பொருளாதாரத்தின் பிதாமகர் என்று கொண்டாடப்படும் ஆடம் ஸ்மித். 1776இல் எழுதினார்: லினன் சட்டை உயிர் வாழ அவசியமே இல்லை, கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமல் சுகமாகத்தான் வாழ்ந்தார்கள், ஆனால் இன்றைக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மானமுள்ள ஒரு கூலித் தொழிலாளி லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான். தோல் செருப்பும் அப்படித்தான் என்கிறார்: இங்கிலாந்தில் ஆண் பெண் இருவருக்கும் அது அவசியம், ஸ்காட்லாந்தில் ஏழை ஆண்களுக்கு அவசியம், பெண்கள் வெறுங்காலோடு நடந்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், ஃபிரான்ஸில் இருவருக்குமே அவசியமில்லை. எது அவசியம் என்பதை வயிறு மட்டும் தீர்மானிப்பதில்லை, ஊரும் தீர்மானிக்கிறது.

இருநூறு வருஷம் கழித்து பீட்டர் டவுன்சென்ட் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் இதை முழு ஆராய்ச்சியாக்கினார். 1968-69இல் பிரிட்டன் முழுக்க 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் கேட்டு, 1979இல் வெளியிட்டார். ஒரு சமூகத்தில் வழக்கமாக எல்லோரும் வாழ்கிற வாழ்க்கையிலிருந்து, பழக்க வழக்கங்களிலிருந்து, ஒருவரைக் காசில்லாமை வெளியே தள்ளிவிட்டால் அவர் ஏழை. அவருடைய பட்டியலில் இருந்த கேள்விகளைப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை கறி சமைக்கிறீர்களா? வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா? சமீபத்தில் நண்பரையோ உறவினரையோ வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டீர்களா? குழந்தையின் போன பிறந்தநாளுக்கு மற்ற பிள்ளைகளை அழைத்தீர்களா? வருஷத்தில் ஒரு வாரமாவது வெளியூர் போனீர்களா?

உடனே எதிர்ப்பு வந்தது. சைவம் சாப்பிடுகிறவன் ஞாயிற்றுக்கிழமை கறி சமைக்கவில்லை என்றால் ஏழையா, விருந்தாளி பிடிக்காதவன் கூப்பிடவில்லை என்றால் இல்லாதவனா என்று டேவிட் பியஷோ என்ற ஆய்வாளர் கேட்டார். நியாயமான கேள்வி. 1983இல் ஜோனா மாக், ஸ்டூவர்ட் லான்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: எது அவசியம் என்பதை நிபுணரிடம் கேட்காமல் பொதுமக்களிடமே கேட்பது, பாதிப் பேருக்கு மேல் அவசியம் என்று சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்வது, அப்புறம் அதை ‘வேண்டும், ஆனால் வசதியில்லை’ என்று சொல்கிறவர்களை மட்டும் எண்ணுவது.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு பட்டியல் போட்டால் அதில் என்னென்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி கண்டிப்பாக வரும். மொய் வரும். அக்கா மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரும். ஊர்த் திருவிழாவுக்குக் கொடுக்கும் தலைக்கட்டு வரி வரும். தலைக்கட்டு வரி கட்ட முடியாத குடும்பத்துக்குப் பசியில் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் ஊர்க் கூட்டத்தில் உட்காரும்போது நிமிர்ந்து பார்க்க முடியாது. காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து மொய் எழுதுகிறவரைப் பார்த்து, வீண் ஆடம்பரம், இப்படிச் செலவு செய்தால் எப்படி முன்னேறும் என்று சொல்கிறவர்கள் 1901இன் கோட்டுக்குப் பின்னால் நின்று பேசுகிறார்கள். டவுன்சென்ட் பக்கத்தில் நின்று பார்த்தால் அது மனிதர்களுக்குள் ஒருவராக இருப்பதற்கான செலவு. வீட்டுக்கே கஷ்டம் வரும்போது திரும்பி வருவதும் அந்த மொய்தான்.

அமர்த்திய சென் இங்கேதான் குறுக்கே வருகிறார். டவுன்சென்ட் சொல்வது போல வறுமை முழுக்க முழுக்க ஒப்பீடு என்றால், நாட்டில் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வருமானம் சரிந்து பாதிப் பேர் பட்டினி கிடந்தாலும் வறுமை கூடவில்லை என்றாகிவிடுமே என்று கேட்டார். 1943 வங்கப் பஞ்சத்தைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவர். பட்டினிக்கு ஒப்பீடு தேவையில்லை, பட்டினி பட்டினிதான். ஆனால் ஸ்மித்தின் சட்டையை அவர் விட்டுவிடவில்லை. 1983இல் அவர் கொடுத்த விடை எளிமையானது: வெட்கமில்லாமல் நாலு பேர் முன்னால் வருவது என்ற ஆற்றல் எல்லா ஊருக்கும் பொது, அது ஒப்பீடு இல்லை, அதற்கு என்ன பொருள் வேண்டும் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊரில் செருப்பு, இன்னொரு ஊரில் ஸ்மார்ட்போன். ஆகவே பொருளை எண்ணாதே, அந்தப் பொருளால் மனிதன் என்னவாக இருக்க முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்று பார். ஒரே வருமானம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நடக்காது என்றால் அவர்கள் இருவரும் ஒரே நிலையில் இல்லை.

கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று தலையை மட்டும் எண்ணுவதில் உள்ள கோளாறையும் 1976லேயே அவர் காட்டிவிட்டார். கோட்டுக்கு வெகு கீழே கிடக்கும் பரம ஏழையிடமிருந்து பத்து ரூபாயைப் பிடுங்கி, கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கிறவனுக்குக் கொடுத்தால் அவன் கோட்டைத் தாண்டிவிடுவான். புள்ளிவிவரத்தில் வறுமை குறைந்துவிடும். எந்த அரசுக்குத்தான் கசக்கும்?

சென் வரைக்கும் வந்தாலும் ஒரு விஷயம் இடிக்கிறது. சட்டை வாங்கக் காசில்லை என்பது ஒன்று. காசு இருந்தும் சட்டை போட விடமாட்டார்கள் என்பது வேறு. 1930, 31இல் ராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்டவர்களுக்கு விதித்த தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. தங்க நகை கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளைக் குடம் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், மறுத்தால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

இந்தப் பட்டியலை ரவுண்ட்ரீயின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ‘கூடாது, கூடாது’, இங்கேயும் ‘கூடாது, கூடாது’. அங்கே கூடாது என்று சொன்னது கூலியின் போதாமை. இங்கே சொன்னவர்கள் பெயரும் முகவரியும் உள்ள மனிதர்கள், நிலத்தை விற்கவைத்தவர்களும் அவர்களேதான். வறுமையை இல்லாமை என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. ஒருவர் ஏழையாக இருப்பதால் இன்னொருவருக்கு மலிவாக ஆள் கிடைக்கிறது, நிலம் கிடைக்கிறது என்றால் வறுமை என்பது இரண்டு பேருக்கு நடுவே உள்ள ஓர் உறவு. கூலியை ஏறவிடாமல் வைத்திருக்க முதலாளிக்கு உதவும் வேலையில்லாப் பட்டாளத்தைப் பற்றி மார்க்ஸ் சொன்னதும், அம்பேத்கர் சாதியை வேலைப் பிரிவினை அல்ல, வேலைக்காரர்களின் பிரிவினை என்று 1936இல் சொன்னதும் இந்த இடத்தைத் தொட்டவைதான். நம் ஊரில் வறுமைக் கோட்டுச் சண்டைகள் ரூபாயைச் சுற்றியே நடந்ததில் எனக்குள்ள பெரிய மனக்குறை, குடமும் செருப்பும் எந்தக் குழுவின் அறிக்கையிலும் அளவுகோலாக வரவே இல்லை என்பது.

குழுக்களுக்கு வெளியே ஒருவர் கொண்டுவந்தார். என்.எஸ். ஜோதா என்ற பொருளியலாளர் ராஜஸ்தானில் இரண்டு கிராமங்களில் 1960களில் விவரம் எடுத்திருந்தார், 1982-84இல் திரும்பப் போனார். கணக்குப்படி சில குடும்பங்களின் உண்மையான தலா வருமானம் 5 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அவர்கள் இன்னும் ஏழையாகிவிட்டார்கள் என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் அவர்களிடமே, உங்களுக்கு எது நல்ல வாழ்வு என்று கேட்டார். அவர்கள் சொன்ன 38 அளவுகோல்களில் 37இல் அந்தக் குடும்பங்கள் முன்னைவிட மேலே இருந்தன. நிலக்காரர் இடத்தில் குடியிருக்க வேண்டியதில்லை. தானியத்துக்கும் கடனுக்கும் ஒரே ஆளின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. தினமும் செருப்புப் போட்டு நடக்கிறார்கள். 1988இல் ஜோதா இதை எழுதினார். வருமானம் குறைந்து வாழ்வு உயர்ந்தது என்பதை எந்தக் கோட்டில் பொருத்துவது?

ஏழைகளிடம் போய்ப் பேசினாலே சரியாகிவிடும் என்றும் இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ் மெக்ஸிகோவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் குடும்பங்களோடு ஆண்டுக்கணக்கில் பழகினார். ஆனால் ‘வறுமைப் பண்பாடு’ என்று அவர் வைத்த பெயர், ஏழைகள் தங்கள் வளர்ப்பாலேயே ஏழையாக இருக்கிறார்கள் என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அல்வா மாதிரி கிடைத்தது. அவர் சொன்னது அவ்வளவு மட்டமானதும் இல்லை. இந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதிகள் கடும் வறுமையில் இருந்தாலும் அவர்களிடம் அந்தப் பண்பாடு இல்லை, அவர்களுக்கென்று பஞ்சாயத்தும் கட்டமைப்பும் இருக்கின்றன என்று 1966இல் அவரே எழுதியிருக்கிறார். யாரும் அந்த வரியை மேற்கோள் காட்டுவதில்லை.

கடைசியாக ஜெர்மானிய சமூகவியலாளர் கியோர்க் சிம்மல். எனக்கு இவர்தான் ஆகக் கூர்மையாகத் தெரிகிறார். 1908இல் அவர் சொன்னது: ஒருவரிடம் என்ன இல்லை என்பதை வைத்து ‘ஏழை’ என்ற சமூகப் பிரிவு உருவாவதில்லை, சமூகம் யாருக்கு உதவி கொடுக்கிறதோ, அல்லது கொடுத்தாக வேண்டும் என்று நினைக்கிறதோ, அவர்தான் ஏழை. அந்த உதவியும் ஏழைக்காக மட்டும் கொடுப்பதில்லை, சமூகம் குலையாமல் இருக்கக் கொடுப்பது.

புத்தக வாதம் என்று நினைத்தால் 2002இன் வறுமைக் கோட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கிராமத்தில் வீட்டுக்கு 13 கேள்விகள், கேள்விக்கு 0 முதல் 4 மதிப்பெண், மொத்தம் 52. நிலம் எவ்வளவு, வீடு எப்படி, எத்தனை வேளை சாப்பாடு, கடன் யாரிடம். ஆளுக்கு எத்தனை துணி என்றும் ஒரு கேள்வி: இரண்டுக்கும் குறைவு என்றால் 0, பத்தும் அதற்கு மேலும் என்றால் 4. ஸ்மித்தின் சட்டை அரசுப் படிவத்தில் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு மாநிலத்தில் எத்தனை பேர் ஏழைகளாக இருக்கலாம் என்ற உச்ச வரம்பு, திட்டக் குழுவின் மதிப்பீட்டை ஒட்டி முன்னாலேயே போடப்பட்டிருந்தது. கொடுக்க இருப்பது இவ்வளவு, அதற்குள் வரிசையில் நில்லுங்கள். சிம்மல் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

1997இல் ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று மத்திய அரசு பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பிரிவினையைக் கடைப்பிடிக்காமல் எல்லோருக்குமான ரேஷனை வைத்துக்கொண்டது. அரிசி வாங்க யாரும் தன்னை ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேண்டாதவர் சர்க்கரை அட்டை எடுத்துக்கொள்ளலாம். பல்பரிமாணக் குறியீட்டின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 சதவீதம்தான், நாடு முழுக்க 14.96. சமையல் எரிவாயு, கழிப்பறை, மின்சாரம், பள்ளிப் படிப்பு, வங்கிக் கணக்கு என்று 12 குறியீடுகள். நல்ல குறியீடுதான், ஆனால் கடன் அதில் கிடையாது. வங்கிக் கணக்கு இருந்தால் ஒரு குறை தீர்ந்தது என்று கணக்கு. சுய உதவிக் குழுப் பெயரிலும் சிறுகடன் நிறுவனத்திலும் வாங்கிய கடன் வந்து இறங்குவது அந்தக் கணக்கில்தான், வாராவாரம் தவணை கேட்டு வாசலில் ஆள் நிற்பது எந்தக் குறியீட்டிலும் இல்லை.

பணமாகக் கொடுக்க வேண்டும் என்று வரும்போது தமிழ்நாடும் கோடு போடத்தான் செய்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், கார் இருக்கக் கூடாது, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. வருமானத்தை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது, மின்வாரியக் கணக்கைக் கம்ப்யூட்டரே பார்த்துவிடும், அதனால் யூனிட். நகரத்தில் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடுகிற வீடுகள் நிறைய. அந்த மூன்று வீட்டு ஃபேனும் டிவியும் சேர்ந்து 3,600ஐத் தாண்டினால், யூனிட்டை மூன்றாக வகுப்பதற்குப் படிவத்தில் கட்டம் எங்கே?